ஹான்ஸ் செல்யே: ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஒரே ஸ்ட்ரெஸ்’ என்று சொல்லாத வீடு இன்று இல்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளையும் சொல்கிறது, ஓய்வு பெற்ற தாத்தாவும் சொல்கிறார். இந்தச் சொல்லை உடலோடு முடிச்சுப் போட்டவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில், எலிகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தவர். உடல்நலம் பற்றி எழுதியும் பேசியும் வருகிற என்னிடம் அவரைக் குறித்துத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுமை உடலில் விட்டுச்செல்லும் தடயத்தைத்தான் செல்யே கண்டார். அதை எடுத்துக்கொண்டு, ‘உன் மனசு சரியில்லை, அதனால்தான் உனக்கு நோய்’ என்று நோயாளியின் மேலேயே பழியைப் போடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறுப்பதில்லை. இந்தப் பதில்களில் அந்த ஆதங்கம் தெரியும்.

யார் இந்த ஹான்ஸ் செல்யே?

1907 ஜனவரி 26 அன்று வியன்னாவில் பிறந்தார். தந்தை ஹங்கேரியர், ராணுவ மருத்துவர், தாய் ஆஸ்திரியர். வளர்ந்தது டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள கோமாரோம் என்ற ஊரில். முதல் உலகப் போர் முடிந்தபோது புதிய எல்லைக்கோடு அந்த ஆற்றின் மேலேயே விழுந்தது. ஊர் இரண்டாகி, வடகரை செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டது. பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1929-இல் பட்டம் பெற்றார். அடுத்து வேதியியலில் முனைவர் பட்டம். 1931-இல் ராக்பெல்லர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே மனம் ஒட்டாமல், மறு ஆண்டே மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு நகர்ந்தார். 1945-இல் அதே நகரில் பிரெஞ்சு மொழியில் நடக்கும் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பரிசோதனை மருத்துவத்துக்கும் அறுவை மருத்துவத்துக்குமான நிறுவனத்தைத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். 1982 அக்டோபர் 16 அன்று மாண்ட்ரியலில் காலமானார். எழுதியவை 1,600-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் நாற்பதை நெருங்கும் நூல்களும்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

ஆங்கிலம் பேசுவோர் ‘செல்யே’ என்கிறார்கள். ஹங்கேரியர்களுக்கு அவர் ‘ஷெயெ யானோஷ்’. குடும்பப் பெயர் அங்கே முதலில் வரும். தமிழில் ஆங்கில வழியே வந்த உச்சரிப்பு பரவிவிட்டதால் அதையே இங்கே எழுதுகிறேன்.

இந்த எண்ணம் அவருக்கு எப்போது வந்தது?

மாணவராக இருந்தபோதே. பிராகில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் இளைஞர்கள் முதன்முறையாக நோயாளிகளைப் பார்க்கிறார்கள். பேராசிரியர் ஒவ்வொருவராக அழைத்து வருகிறார். எல்லோருக்கும் தொற்றுநோயின் தொடக்கம். ஆனால் நோய்கள் வேறுவேறு. பேராசிரியர் ஒரு நோயாளியின் நாக்கைச் சுட்டிக்காட்டுகிறார், இன்னொருவரின் தோலில் ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டுகிறார்: இதை வைத்துத்தான் இது இன்ன நோய் என்று பிரித்தறிய வேண்டும் என்கிறார். மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள்.

செல்யேயின் கண்ணில் பட்டது வேறு. அந்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் நாக்கில் மாவு படிந்திருக்கிறது, மூட்டெல்லாம் வலி, பசியில்லை, காய்ச்சல், எடைக் குறைவு. எந்த நோயையும் தனியாகக் காட்டித் தராத அறிகுறிகள் என்பதால் பேராசிரியர் அவற்றைத் தாண்டிப் போய்விட்டார். ‘நோயாளி’ என்ற ஒரே முகம் அந்த ஐந்தாறு பேருக்கும் பொதுவாக இருக்கிறதே, அதை ஏன் யாரும் படிப்பதில்லை என்று அந்தப் பையன் நினைத்தான். நம் பாட்டிமார் வாசலில் வருகிற பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்பார்களே, அதே பார்வை. எந்த நோய் என்று தெரியாது; ஆனால் ஏதோ நோய் என்று தெரியும். மருத்துவக் கல்வி அந்தப் பார்வையை மழுங்கடிப்பதற்கு முன் அவருக்கு அது வாய்த்தது. பிறகு படிப்பு, தேர்வு என்று பத்து ஆண்டுகள் அந்த எண்ணம் உறங்கிக் கிடந்தது.

எலி ஆய்வில் உண்மையில் என்ன நடந்தது?

மெக்கில்லில் அவர் ஹார்மோன் ஆய்வில் இருந்தார். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கெடுத்த வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப்தான் அங்கே மூத்தவர். மாட்டின் சினைப்பைகளிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றி, புதிய பாலியல் ஹார்மோன் ஏதாவது அகப்படுகிறதா என்று தேடுவது 28 வயது செல்யேயின் வேலை.

எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வீங்கிப் பெருத்திருந்தன. மார்புக்கூட்டில் இருந்து நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி, மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சுருங்கிப் போயிருந்தன. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் இரத்தம் கசியும் புண்கள். அதுவரை தெரிந்த எந்த ஹார்மோனும் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ததில்லை. புதிய ஹார்மோன் கையில் சிக்கிவிட்டது என்று அந்த இளைஞர் ஆகாயத்தில் பறந்தார்.

பிறகு நஞ்சுக்கொடியின் சாற்றை ஏற்றினார். அதே மூன்று மாற்றங்கள். சிறுநீரகச் சாறு, மண்ணீரல் சாறு: அதே மூன்று. சாறு எவ்வளவு அசுத்தமாக இருந்ததோ அவ்வளவு கடுமையாக மாற்றம் தெரிந்தது. அடிவயிற்றைக் கலக்கும் சந்தேகம் ஒன்று எழுந்தது. அலமாரியில் திசுக்களைப் பதப்படுத்த வைத்திருந்த ஃபார்மலினை எடுத்து எலிகளுக்கு ஏற்றினார். அதில் ஹார்மோன் எதுவும் கிடையாது, வெறும் எரிச்சலூட்டும் திரவம். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து அறுத்துப் பார்த்தால் அட்ரினல் பெருத்திருக்கிறது, தைமஸ் சுருங்கியிருக்கிறது, இரைப்பையில் புண்.

ஹார்மோன் கனவு அன்றோடு போயிற்று. தாம் வாழ்க்கையில் அவ்வளவு ஏமாந்ததில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். பல நாட்கள் வேலை ஓடவில்லை. அந்தச் சோர்வுக்கு நடுவில்தான் பிராக் வகுப்பறை நினைவுக்கு வந்தது. வேறுவேறு நோய்க்கு ஒரே முகம்; வேறுவேறு நஞ்சுக்கு ஒரே மூன்று மாற்றங்கள். இரண்டும் ஒன்றுதானோ?

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. மாண்ட்ரியல் குளிரில் மருத்துவக் கட்டடத்தின் மொட்டை மாடியில் எலிகளை வைத்தார். ஓடவிட்டுக் களைக்கச் செய்தார். அறுவைக் காயம் உண்டாக்கினார். மார்ஃபின், அட்ரினலின், அட்ரோபின் கொடுத்தார். எல்லா வழியிலும் அதே மூன்று வந்தன.

எலிகள் கைநழுவி ஓட, அவர் துடைப்பத்தோடு துரத்தினார் என்கிறார்களே?

அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி சுவையாகச் சொல்லிப் பரவிய கதை அது: செல்யேக்கு ஊசி போடக் கை வராது, எலிகள் பயந்தே நோயுற்றன என்பது சாரம். செல்யே தம் கண்டுபிடிப்பைப் பற்றிச் சொல்லும் கதை நான் மேலே எழுதியதுதான். ஃபார்மலின் குப்பியில் அவர் கனவு உடைந்த கணம் எந்தத் துடைப்பக் கதையையும் விட எனக்குப் பெரிது.

1936-ஆம் ஆண்டுக் கடிதம் என்ன சொன்னது?

‘நேச்சர்’ இதழில் 1936 ஜூலை 4 அன்று வெளியானது. ஒரு பக்கம்கூட இல்லாத கடிதம். பலவகைத் தீங்குகள் உண்டாக்கும் ஒரே நோய்க்குறித் தொகுப்பு என்பது தலைப்பின் பொருள். ‘ஸ்ட்ரெஸ்’ அந்தத் தலைப்பில் இல்லை.

உடலின் எதிர்வினையை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். தீங்கு தாக்கிய 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வருவது எச்சரிக்கைக் கட்டம்: தைமஸ் சுருங்கும், கொழுப்பு கரையும், இரைப்பையில் புண் வரும். 48 மணி நேரத்துக்குப் பின் எதிர்த்து நிற்கும் கட்டம்: அட்ரினல் பெருத்து நின்று வேலை செய்யும், வளர்ச்சி நிற்கும், தாய் எலிக்குப் பால் வற்றும். தீங்கு குறைந்த அளவில் தொடர்ந்தால் உடல் பழகிக்கொள்ளும். உறுப்புகள் பார்ப்பதற்குப் பழையபடி ஆகிவிடும். மூன்றாவதுதான் இந்தக் கடிதத்தின் உயிர்நாடி. பழகிவிட்டது போலத் தெரிந்த அந்த எலிகளுக்கு அதே தீங்கைத் தொடர்ந்தால், ஒன்று முதல் மூன்று மாதங்களில் எதிர்ப்பு உடைகிறது, முதல் கட்டத்தின் அடையாளங்கள் திரும்பி வருகின்றன, எலி சாகிறது.

‘அவர் தாங்கிக்கொள்வார், அவருக்குப் பழகிவிட்டது’ என்று நாம் ஒருவரைப் பற்றி எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! தாங்குவதற்கும் விலை உண்டு என்று சில வரிகளில் காட்டியது அந்தக் கடிதம்.

உடலுக்குள் இது எந்த வழியாக நடக்கிறது?

செல்யே உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். அட்ரினலை எடுத்துவிட்ட எலிகளில் தைமஸ் சுருங்கவில்லை. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரியை எடுத்துவிட்டால் அட்ரினல் பெருக்கவில்லை. ஆக, கட்டளை மேலிருந்து கீழே வருகிறது. இன்று முழு வரிசையும் தெரியும்: மூளையின் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சொட்டுகிறது, அது பிட்யூட்டரியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரியின் ஹார்மோன் இரத்தத்தில் பயணித்து அட்ரினலின் மேலுறையைத் தட்டுகிறது, அங்கிருந்து கார்ட்டிசால் சுரக்கிறது. கார்ட்டிசால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், அழற்சியை அடக்கும், நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும். சில மணி நேரத்துக்கு இது உயிர் காக்கும். மாதக்கணக்கில் நீண்டால் அதே உதவி உடலைத் தின்னும்.

‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ என்பதை முன்பே வேறொருவர் சொல்லிவிட்டாரே?

ஆம், ஹார்வர்டின் வால்டர் கேனன். ஆபத்து வந்தவுடன் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியிலிருந்து ‘அட்ரினலின்’ என்ற ஹார்மோன் பாய்ந்து, இதயம் படபடத்து, தசைக்கு இரத்தம் ஓடுவதை 1910களிலேயே ஆராய்ந்தவர் அவர். அது நொடிக் கணக்கு. செல்யே பார்த்தது அட்ரினல் சுரப்பியின் மேலுறையை; அது நாள் கணக்கு, மாதக் கணக்கு. நாய் துரத்தும்போது நடப்பது கேனனின் உலகம். கடன்காரர் தினமும் வாசலில் நிற்பது செல்யேயின் உலகம்.

அக்காலத்தில் மற்றவர்கள் இதை ஏற்றார்களா?

எளிதில் இல்லை. அவர் மிகவும் மதித்த மூத்தவர் ஒருவர் அறைக்கு அழைத்து உட்காரவைத்து, அசுத்தச் சாறுகளை ஏற்றிக்கொண்டு ‘அழுக்கின் மருந்தியலை’ ஆராய வாழ்நாளை வீணாக்கப் போகிறாயா என்று கேட்டார். தனித்தனி நோய்க்குத் தனித்தனிக் கிருமி, தனித்தனி மருந்து என்று மருத்துவம் வெற்றி மேல் வெற்றி கண்டுகொண்டிருந்த காலம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று என்பது பின்னோக்கிய நடையாகத் தெரிந்திருக்கும்.

அப்போது தோள் கொடுத்தவர் இன்சுலின் புகழ் ஃபிரெடெரிக் பாண்டிங். நெருக்கடியான அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவ்வப்போது வந்து, மேசை மேலேறி உட்கார்ந்து, இந்த இளைஞர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பார். 500 டாலர் உதவித்தொகைக்கும் வழிசெய்தார். அந்தப் பணத்தைவிடவும் பாண்டிங் கொடுத்த ஊக்கம் பெரிது என்று செல்யே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை ஏன் எடுத்தார்? தமிழில் ‘மன அழுத்தம்’ என்பது சரியா?

பொறியியலிலிருந்து வந்த சொல் அது. நம் பிளஸ் 1 இயற்பியல் புத்தகத்தில் ‘தகைவு’, ‘திரிபு’ என்று இரண்டு சொற்கள் வரும். கம்பியில் எடை தொங்கினால் கம்பிக்குள் எழுவது தகைவு. அதனால் கம்பி நீள்வது திரிபு. ‘ஸ்ட்ரெஸ்’ என்பது அந்தத் தகைவு. ஆனால் செல்யே உடலில் உண்டாகும் மாற்றத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். அது திரிபுக்கு உரிய இடம். தம் ஆங்கிலம் அப்போது போதவில்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டார். சொல் பரவிவிட்டது, திருத்த முடியவில்லை. அதனால் சுமைக்கு ‘ஸ்ட்ரெஸ்ஸர்’ என்று இன்னொரு சொல்லை உண்டாக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், ஜெர்மன் என்று பல மொழிகள் ‘ஸ்ட்ரெஸ்’ஸை அப்படியே ஏற்றுக்கொண்டன.

தமிழில் நிலைமை இன்னும் சிக்கல். நாளிதழ்கள் ‘மன அழுத்தம்’ என்பதை ஸ்ட்ரெஸுக்கும் எழுதுகின்றன, டிப்ரெஷன் என்ற நோய்க்கும் எழுதுகின்றன. பின்னதற்கு ‘மனச்சோர்வு’ என்ற நல்ல சொல் இருந்தும் இந்தக் குழப்பம் தீரவில்லை. என் வருத்தம் ‘மன’ என்ற முன்னொட்டின் மேல். மொட்டை மாடியில் நடுங்கிய எலிக்கு என்ன மன அழுத்தம்? குளிர் அதன் உடலைத் தாக்கியது. வெயிலில் பத்து மணி நேரம் செங்கல் சுமப்பவர், இரவுப் பணியில் தூக்கம் கெடும் செவிலியர், சரியாகச் சாப்பிடாமல் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்: இவர்கள் உடல்மேல் இருப்பது சுமை. அதை ‘மன’ என்று தொடங்கிப் பெயரிட்ட உடனே, தியானம் செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள் என்ற அறிவுரை கிளம்பிவிடுகிறது; சுமையை இறக்கும் பேச்சு வருவதில்லை. நான் வெறுமனே ‘அழுத்தம்’ என்று எழுதுகிறேன். இடம் தேவைப்பட்டால் ‘உடல் மேல் அழுத்தம்’ என்கிறேன்.

எலியின் தைமஸ் சுருங்குவதில் மனிதர்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், தைமஸ் ‘பெரிதாக’ இருப்பதாகக் கண்டார்கள். அது மூச்சுக்குழாயை நெரித்துவிட்டது என்று நினைத்தார்கள். எதோடு ஒப்பிட்டுப் பெரிது? அறுவைக்கூடத்துக்கு வழக்கமாக வந்துசேர்ந்த உடல்கள் ஏழைகளுடையவை. பசியிலும் நெடுநாள் நோயிலும் இறந்தவர்கள். அவர்களின் சுருங்கிய தைமஸைத்தான் இயல்பான அளவு என்று பாடப்புத்தகம் எழுதிவைத்திருந்தது. திடீரென இறந்த குழந்தைகளுக்கு இருந்ததுதான் உண்மையில் இயல்பான தைமஸ். இது புரியாமல், நலமாக இருந்த குழந்தைகளின் தொண்டைப் பகுதிக்கும் மார்புக்கும் பல பத்தாண்டுகள் எக்ஸ்-கதிர் பாய்ச்சினார்கள். பிற்காலத்தில் அவர்களில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது.

வறுமை ஓர் உறுப்பையே சுருக்கும் என்பதைக் கண்டுகொள்ளாததற்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலை அது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வயிற்றுப்புண் கவலையால் வருகிறதா?

என் அம்மா தையல் இயந்திரத்தை மிதித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். நெஞ்சுக்குழியில் எரிச்சல் என்று போனபோதெல்லாம் ‘நீங்கள் அதிகமாக யோசிக்கிறீர்கள், கவலையை விடுங்கள்’ என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அம்மா அதை முழுதாக நம்பினார். புண் தம்முடைய குற்றம் என்றே பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தார். பின்னர் வேறொரு மருத்துவர் பரிசோதித்து இரண்டு வார மாத்திரை கொடுத்தார், எரிச்சல் நின்றது.

காரணம் ஒரு கிருமி: ஹெலிகோபேக்டர் பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980களில் அதைக் கண்டறிந்தார்கள். நம்ப மறுத்தவர்களுக்காக மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று நாம் காணும் வயிற்றுப்புண்களில் பெரும்பாலானவை இந்தக் கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ வருபவை.

அப்படியானால் செல்யேயின் எலிகளுக்கு வந்த புண் பொய்யா? இல்லை. அது கடுமையான உடல் தாக்குதலில் ஓரிரு நாளில் வரும் வேறு வகைப் புண். பெரும் தீக்காயம் பட்டவர்களுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கும் இன்றும் வரும். அதனால்தான் அங்கே அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். எலியின் அந்தப் புண்ணை எடுத்து என் அம்மாவின் புண்ணோடு ஒட்டியதுதான் தவறு. எரிச்சல் நீடித்தால் கிருமிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வேறு என்ன கண்டுபிடித்தார்?

அட்ரினல் மேலுறையின் ஹார்மோன்களைச் சர்க்கரையைக் கையாள்பவை, உப்பைக் கையாள்பவை என்று பிரித்து, ‘குளூக்கோகார்ட்டிகாய்டு’, ‘மினரலோகார்ட்டிகாய்டு’ என்று பெயரிட்டவர் அவர். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் பெயர்களையே படிக்கிறார்கள். உப்பு ஹார்மோனையும் உப்பையும் சேர்த்துக் கொடுத்து எலிகளுக்கு உயர் இரத்த அழுத்தம் வரவைத்தார். மருந்து ஆய்வில் அந்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது.

1941-இல் இன்னொன்று. புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் அதிக அளவில் எலிகளை மயக்கத்தில் ஆழ்த்துவதைக் கண்டார். ஸ்டீராய்டுகள் மூளையில் நேரடியாக வேலை செய்யும் என்பதற்கு அது முதல் தடயங்களில் ஒன்று. அந்த வழியில் நெடுந்தூரம் நடந்த ஆய்வின் பயனாக, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு பிரெக்ஸனோலோன் என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அவருடைய மாணவர்களில் குறிப்பிடத்தக்கவர்?

ரோஜர் கில்லமன். பிரான்சில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவர் செல்யேயின் சொற்பொழிவைக் கேட்டு மாண்ட்ரியலுக்குக் கப்பலேறி, 1953-இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவில் இலட்சக்கணக்கான ஆட்டு மூளைத் துண்டுகளை அரைத்து வடித்து ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்தார். 1977-இல் நோபல் பரிசு. பிட்யூட்டரியைத் தூண்டி அட்ரினலை எழுப்பும் அந்தத் தலைமை ஹார்மோன் மட்டும் கில்லமனுக்குக் கடைசிவரை அகப்படவில்லை. 1981-இல் அதைப் பிடித்தவர் கில்லமனின் மாணவர் வைலி வேல். குருவின் கேள்விக்குப் பேரப் பிள்ளை விடை தந்தது போல.

செல்யே எங்கே தவறினார்?

முக்கியமாக, எந்தத் தாக்குதலுக்கும் உடலின் பதில் ஒன்றே என்ற இடத்தில். ஜான் மேசன் என்ற ஆய்வாளர் குரங்குகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார். பக்கத்துக் கூண்டில் மற்றவை தின்னும்போது வெறும் வயிற்றோடு இருந்த குரங்குகளுக்கு அட்ரினல் ஹார்மோன் ஏறியது. சத்தே இல்லாத, சுவை மட்டும் உள்ள உருண்டைகளைக் கொடுத்து, கூச்சல் இல்லாத இடத்தில் வைத்தபோது ஏறவில்லை. உடலுக்கு இரண்டும் பட்டினிதான். தான் விலக்கப்பட்டோம் என்ற உணர்வு வந்ததும்தான் ஹார்மோன் பொங்கியது. 1998-இல் கரெல் பாசாக்கும் சகாக்களும் குளிர், இரத்த இழப்பு, இன்சுலின், அடைத்து வைத்தல், செல்யேக்குப் பழக்கமான ஃபார்மலின் ஆகியவற்றை எலிகளில் ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் உடல் தனித்தனி ஹார்மோன் கலவையால் பதில் சொல்வதைக் காட்டினார்கள்.

ஒவ்வொருவரும் தகவமைவுக்கான சக்தியை முன்வைப்புத் தொகை போலக் கொண்டு பிறக்கிறார்கள், எடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் செல்யே நம்பினார். அப்படி ஒரு சேமிப்பை எவரும் அளந்து காட்டியதில்லை. நீடித்த அழுத்தத்தின் கேடு, சுரப்பி வற்றிப்போவதால் வருவதைவிட, கார்ட்டிசால் வேளை தவறிச் சுரந்துகொண்டே இருப்பதால் வருவது அதிகம். நியூயார்க்கின் புரூஸ் மெக்கீவன் 1968-இல் நினைவாற்றலுக்குரிய மூளைப் பகுதியில் இந்த ஹார்மோன் வந்து ஒட்டுவதைக் கண்டார். தாங்கித் தாங்கி உடலில் சேரும் தேய்மானத்துக்கு 1990களில் அவர் வைத்த பெயரிலேயே ‘சுமை’ என்ற சொல் இருக்கிறது.

‘அட்ரினல் களைப்பு’க்கு மருந்து என்று விளம்பரம் வருகிறதே?

வாங்காதீர்கள். செல்யேயின் மூன்றாம் கட்டத்தை வைத்து வியாபாரத்துக்காகக் கட்டிய நோய் அது. ஹார்மோன் மருத்துவர்கள் அதை ஒரு நோயாக ஏற்பதில்லை. அட்ரினல் உண்மையிலேயே செயலிழப்பது அடிசன் நோய்; அது ஆபத்தானது, இரத்தப் பரிசோதனையில் தெரியும். தேவையில்லாமல் ஸ்டீராய்டு கலந்த மாத்திரைகளைத் தின்றால் நல்ல சுரப்பியும் உறங்கிவிடும். தொடர்ந்து களைப்பாக இருந்தால் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

‘நல்ல அழுத்தம்’ என்றும் ஒன்று உண்டா?

1970களில் செல்யே அதற்கு ‘யூஸ்ட்ரெஸ்’ என்று பெயர் வைத்தார், கெட்டதற்கு ‘டிஸ்ட்ரெஸ்’. அழுத்தமே இல்லாத நிலை மரணம்தான் என்பார். விரும்பிச் செய்யும் வேலையின் பரபரப்பு உடலைக் கெடுக்காது என்பது அவர் நம்பிக்கை. காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடும் அவருக்கு அது பொருந்தியிருக்கலாம். வேலையை விரும்பித் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாதவர்களிடம் போய் இதை நான் சொல்லமாட்டேன்.

புகையிலை நிறுவனங்களோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா?

இருந்தது. எழுதக் கசப்பாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். 1958-இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றிடம் அவரே ஆய்வுக்குப் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. சிறிது காலத்தில் புகையிலைத் தரப்பு வழக்கறிஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிவித்தபின், அந்தத் தொழிலுக்கு வேறு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. இதயநோய்க்குக் காரணம் சிகரெட்டா, அழுத்தமா என்று குழப்ப முடிந்தால் போதும். 1969-இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் செல்யே போய், அழுத்தத்தைத் தணிக்கப் புகைப்பது சிலருக்கு உதவலாம் என்ற போக்கில் பேசினார். அதே காலத்தில் அமெரிக்க, கனடியப் புகையிலைத் தொழிலின் பணம் அவர் நிறுவனத்துக்கு வந்தது. வழக்குகளால் வெளியே வந்த தொழில்துறை உள் ஆவணங்களைப் படித்து, மார்க் பெட்டிக்ரூவும் கெல்லி லீயும் 2011-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள்.

அவருடைய எலிகள் ஒருபோதும் இதைச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் தீங்கு உடலை உடைக்கிறது என்றுதான் 1936 கடிதம் சொன்னது. சிகரெட் புகையும் அப்படி ஒரு தீங்குதான். நஞ்சை விற்றவர்களைத் தப்பவிட்டு, புகைப்பவரின் பதற்றத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அதே அறிவியல் பயன்பட்டது. அதற்கு அவரும் துணைபோனார். பெரிய நிறுவனத்தை நடத்தப் பணம் தேவைப்பட்டது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

நோபல் பரிசு ஏன் கிடைக்கவில்லை?

பலமுறை பரிந்துரைக்கப்பட்டார். 1950-இல் அட்ரினல் ஹார்மோன்களுக்கான பரிசு கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் போயிற்று. அவர்கள் கையில் கார்ட்டிசோன் என்ற பொருளும், எழுந்து நடந்த மூட்டுவாத நோயாளிகளும் இருந்தார்கள். செல்யேயிடம் இருந்தது ஒரு கோட்பாடு. அதன் எல்லையை அவரே அகட்டிக்கொண்டே போனார்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது? அவருடைய ஊரில் இன்று என்ன இருக்கிறது?

1956-இல் ஹங்கேரியில் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, துப்பாக்கிச் சூட்டில் அவர் தாய் இறந்தார். 1970களில் அவரே ஓர் அரிய வகைப் புற்றுநோயிலிருந்து மீண்டார். இடுப்பு மூட்டு அறுவைக்குப் பிறகும் ஆய்வுக்கூடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. 1968-இல் கனடாவின் உயரிய விருது பெற்ற அவருக்கு, 2000-ஆம் ஆண்டில் அந்நாடு அஞ்சல்தலையும் வெளியிட்டது.

ஆற்றின் வடகரையில், இப்போது ஸ்லோவாகியாவில் உள்ள கோமார்னோவில், 2004-இல் ஒரு பல்கலைக்கழகம் திறந்தார்கள். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் தங்கிவிட்ட ஹங்கேரிய மக்களின் பிள்ளைகள் அங்கே தாய்மொழியில் படிக்கிறார்கள். முகப்பில் ‘ஷெயெ யானோஷ்’ என்ற பெயர் இருக்கிறது.